மூணாம் பெட் மாமாவின் அழுகை

அவருக்கு ஒரு நோயும் கிடையாது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, அந்த வயதுக்காரர்களுக்கு மரியாதைக்காவது வந்திருக்க வேண்டிய முட்டிவலிகூட வரவில்லை. ஆனாலும் வாரத்தில் பாதி நாள் நர்ஸிங் கல்லூரியின் பயிற்சி அறையில், ஜன்னலோரத்து மூன்றாவது கட்டிலில், முதுகில் நாடா கட்டிய பச்சை அங்கியோடு முனகிக்கொண்டு படுத்திருப்பார். அதற்குச் சம்பளமும் உண்டு. நோயாளி வேடம் போடுவதுதான் அவருடைய உத்தியோகம். மாணவிகள் அவரை ‘மூணாம் பெட் மாமா’ என்று கூப்பிட்டார்கள். நாமும் மாமா என்றே வைத்துக்கொள்வோம்.

முன்பு அவர் செருப்புக் கடையில் விற்பனையாளர். வாழ்நாளில் பெரும்பகுதி தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பிறத்தியார் பாதங்களைப் பார்த்தே கழிந்தது. கடிக்கிற செருப்பைக்கூட, “ரெண்டு நாள் போட்டுப் பாருங்க சார், காலோட பேச ஆரம்பிச்சிடும்” என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார். அப்படி வாங்கிப்போனவர்கள் கொப்புளத்தோடு திரும்பி வந்தால், அந்தக் கொப்புளத்தைப் பார்த்து அவரே முகத்தைச் சுளித்து ‘ஸ்ஸ்’ என்பார். வந்த கோபம் பாதி அடங்கிவிடும். முகத்தை வைத்துப் பிழைத்த மனிதர்.

கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தவருக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை. மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளும் மருமகனும் காலையில் கிளம்பினால் இருட்டுகிற நேரத்தில்தான் வருவார்கள். கல்லூரி வாசலில், நோயாளியாக நடிக்க ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததை மகள்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

“உங்களுக்குன்னே ஒட்டின மாதிரி இருக்குப்பா. ஒரு தும்மல் வந்தா தெருவையே கூட்டுற ஆளாச்சே நீங்க.”

கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் மறுநாளே சவரம் செய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

வேலை சுலபம் போலத் தெரியும், ஆனால் சுலபமில்லை. முந்தின நாளே கையில் ஒரு தாளைக் கொடுத்துவிடுவார்கள். நோயாளி யார், எங்கே வலி, கேட்காமலே எதைச் சொல்லலாம், கேட்டால் மட்டும் எதைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். முதலில் வரும் மாணவியிடம் எப்படி முனகினாரோ அப்படியேதான் கடைசியில் வருபவளிடமும் முனக வேண்டும். ஒருத்திக்கு நல்ல நோயாளி, இன்னொருத்திக்கு அடங்காத நோயாளி என்றால் அது பரீட்சையாகாது. நோயாளி தடுமாறித் தாளில் இல்லாத எதையாவது உளறிவிட்டால் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். தலையணைக்கடியில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். அதை எடுத்து உயர்த்திக் காட்டினால் அந்தச் சுற்று செல்லாது. மாணவி மேல் குற்றமில்லை, அவளுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு கொடுப்பார்கள்.

மற்றவர்கள் அவ்வப்போது அட்டையைத் தூக்கினார்கள். முதல் கட்டிலில் படுக்கும் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாவுக்கு நடிப்பின் நடுவே நிஜமாகவே தூக்கம் வந்துவிடும். விழித்துப் பார்த்து, “எங்க விட்டேன்?” என்று கேட்டுவிட்டு அவராகவே அட்டையை எடுத்து நீட்டுவார். அதற்காக யாரும் அவரைத் திட்டியதில்லை. மாமா மட்டும் ஒருதடவைகூட அந்த அட்டையைத் தொட்டதில்லை. அதில் அவருக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. டீ குடிக்கும் இடத்தில் யாராவது அகப்பட்டால், “அட்டையா? அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க” என்பார்.

அந்த வருடம் கல்லூரிக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. வேறொரு நகரத்தில், இதய நோய்க்குப் பேர்போன மருத்துவமனை ஒன்று கல்லூரியோடு கூட்டாக ஒரு சிறப்புத் திட்டம் தொடங்கியது. இறுதியாண்டு மாணவிகளில் இரண்டு பேர் அந்த வருடம் முழுவதையும் அங்கேயே போய்ப் படிக்கலாம். தங்க இடம், உதவித்தொகை, முடித்த கையோடு அங்கேயே வேலை. இரண்டே இடம், வகுப்பு முழுவதும் போட்டி. அதுவரை தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் குறிப்புகளை மறைத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வகுப்பில் ‘எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு பெண் இருந்தாள். இரண்டு பஸ் மாறி வருகிறவள் என்பதால் எப்போதும் ஓட்டமும் நடையுமாகத்தான் இருப்பாள். கையுறை மாட்டும்போதே அடுத்த கட்டிலைப் பார்ப்பாள். மாமாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது அவர் ஒரு கதை ஆரம்பித்தால், “மீதியை அடுத்த வாரம் கேட்டுக்கிறேன் மாமா” என்று பட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் அடுத்த வாரம் ஞாபகம் வைத்திருந்து கேட்கவும் செய்வாள். இதயப் பிரிவில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் ஊரில் இருந்தது ஊசி போடும் சின்னக் கிளினிக்குகள் மட்டும்தான். அவளைப் பொறுத்தவரை இந்த இடம் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

தேர்வு நாளில் மாமாவுக்குக் கிடைத்த வேடம் இதுதான். நெஞ்சுவலியோடு வந்தவர், மறுநாள் ஆபரேஷன், தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிக்கிறவர். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறார், அதை யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை பற்றி மாணவி கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டால் மறுநாள் ஆபரேஷன் மேஜையில் ரத்தம் நிற்காது, ஆகவே அந்தக் கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண். நடுவில் ஒரு தடவை, “கொஞ்சம் பயமாத்தான் இருக்கு” என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும். மாணவி ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடிக்குப் பின்னால் மருத்துவமனையிலிருந்து வந்த மேட்ரனும், கல்லூரியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கிற ஒருங்கிணைப்பாளர் மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அன்று பிசகில்லாமல் நடித்தார். ஒவ்வொருத்திக்கும் அதே முனகல், அதே இடத்தில் அதே பயம். கடைசி மாணவிக்கு முன்னால் டீ வந்தது. மேட்ரன் வெளியே வந்து கட்டிலைத் தாண்டிப் போகும்போது ஒருங்கிணைப்பாளரிடம், “உங்க நோயாளி பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரவாயில்லையா! மாமாவுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவருக்கு வெறும் பரவாயில்லையா? அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மல்லாந்து படுத்தார். அப்போதுதான் எக்ஸ்பிரஸ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பெயர் கேட்டாள், வலி எங்கே என்று கேட்டாள், எப்போதிலிருந்து என்று கேட்டாள். அடுத்து மாத்திரைக்குத்தான் வர வேண்டும். மாமா அதற்குள், “பயமா இருக்கும்மா” என்றார். தாளில் இருந்தது அவ்வளவுதான். அவர் அதோடு நிறுத்தவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“போயிடாதீங்க. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க. ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா உக்காந்தா போதும்.”

கண்ணில் நீர் வந்தது. வரவழைத்தார், வந்தது. காதுக்குப் பின்னால் வழிந்து தலையணையை நனைத்தது.

எக்ஸ்பிரஸ் பேனாவை மூடினாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிடித்திருந்த கையை விடுவித்துக்கொள்ளாமல், மற்றக் கையை அதன் மேல் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு இடத்தில் நிற்காத பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மாமாவுக்குக் கேட்டது. உச்சி குளிர்ந்துபோயிற்று. மஞ்சள் அட்டை தலைக்குக் கீழே இருந்தது, அவர் கை அந்தப் பக்கம் போகவே இல்லை. மணி அடித்தபோது மாத்திரை பற்றி அவள் கேட்டிருக்கவில்லை.

வெளியே வந்த மேட்ரன், “கடைசியில என்னையே கலக்கிட்டீங்க” என்று அவரிடம் கை கூப்பினார். ஒருங்கிணைப்பாளர் மேடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் அதே பேச்சு. தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, மேட்ரன் எப்படி நடந்து வந்தார், எப்படிக் கை கூப்பினார் என்று மருமகனுக்கு நடித்துக் காட்டினார்.

“அப்படி என்னத்தைச் சொல்லி அழுதீங்க?” என்று மகள் கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம். மாமா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னார். போயிடாதீங்க. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க. ஒண்ணும் பேச வேண்டாம். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது மகள் தண்ணீர் சொம்பைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது அம்மா சொன்னது” என்றாள்.

மருமகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில கடைசியா உங்ககிட்ட அம்மா சொன்னது அதுதானேப்பா? நான் அங்கதானே நின்னுட்டிருந்தேன்? கடையில தள்ளுபடி நேரம், ஆள் இல்ல, சாயங்காலம் வர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்க.”

அவர் சாயங்காலம் வந்தார். அதற்குள் மனைவிக்கு நினைவு தப்பியிருந்தது, பிறகு திரும்பவே இல்லை. சாவு வீட்டில் மாமா அழவில்லை. வந்தவர்களெல்லாம், மனிதர் எவ்வளவு தைரியம் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

“அழணும்னா அம்மாவுக்கு அழுதிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வார்த்தைகள் அவரையறியாமல் வாயில் வந்துவிட்டன என்று சொல்லி நாம் அவரைத் தப்பவிடலாம். அது உண்மையில்லை. கட்டிலில் கிடந்தபோதே அவருக்குத் தெரியும். எதைச் சொன்னால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள் உருகுவார்கள் என்று தேடினார், அது கையில் அகப்பட்டது, எடுத்துக்கொண்டார். பெண்டாட்டி சாகும்போது கேட்டதை ஒரு கைதட்டலுக்கு விற்றுவிட்டார். சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு முகம் பற்றி எரிந்தது. மருமகன் எதிரில் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருந்தது.

முடிவு வந்தது. இரண்டு பேரில் எக்ஸ்பிரஸ் இல்லை. மூன்றாவதாக நின்றுவிட்டாள். மூணாம் பெட்டில் மட்டும் மதிப்பெண் போய்விட்டது என்று டைப்பிஸ்ட் அம்மாதான் செய்தி கொண்டுவந்தார். “அந்தப் பொண்ணுக்கு என்ன கேடு? மாத்திரையைப் பத்திக் கேக்கவே இல்லையாம்” என்று அங்கலாய்த்தார். மாமா டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இரண்டு நாள் கழித்து அவளே அவரைத் தேடி வந்தாள். வழக்கம்போல மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தாள். வந்தவள் முதலில் கேட்டது இது:

“மாமா, இப்ப பரவாயில்லையா? அன்னைக்கு நீங்க அழுததைப் பார்த்து எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல.”

அவர் என்னவோ முணுமுணுத்தார்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீங்க. நான் எங்க தப்பு பண்ணேன்? ஒளிக்காம சொல்லுங்க. எனக்கு இந்த வேலையே ஒத்து வராதோன்னு தோணுது.”

சொல்ல அதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திருக்காது. சுற்றிலும் யாருமில்லை, வரிசையாகக் காலிக் கட்டில்கள். தப்பு உன்னுடையது இல்லையம்மா என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மாமா தொண்டையைச் செருமினார்.

“நீ உக்காந்திருக்கக் கூடாதும்மா. நேரம் போயிடுச்சு பார். கேள்வியைக் கேட்டுட்டே போயிருக்கணும்.”

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். “சரி மாமா” என்றாள். நன்றி வேறு சொன்னாள். அவள் போன பிறகு மாமா தன் கட்டிலில் போய் உட்கார்ந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை ஒருங்கிணைப்பாளர் மேடத்தின் அறைக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எல்லாவற்றையும் என்றால், தாளில் இல்லாததைப் பேசியதை, அட்டையைத் தூக்காததை. மனைவியின் பேச்சை எடுக்கவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான். மத்தவங்களுக்கு இந்த மாதிரி அழலையேன்னு நினைச்சேன்.”

“அப்ப மறுபடி வைக்கலாமில்லைங்களா மேடம்? அந்தப் பொண்ணு மேல தப்பில்லையே.”

“வைக்கலாம். ஆனா ஏன்னு சொல்லணுமே. இது முதல் வருஷம். அடுத்த மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட மேட்ரன் வர்றாங்க. இந்த நேரத்துல நாங்க நடத்துன தேர்வே கோளாறுன்னு நானே போய்ச் சொன்னா, ரெண்டு இடமும் போயிடும். பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்கும் போயிடும். ஒரு பொண்ணுக்காக அத்தனை பேரையும் விட முடியுமா, சொல்லுங்க?” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “நீங்களும் இதை மனசுல வெச்சுக்கிட்டு அலட்டிக்காதீங்க. வயசான காலத்துல எதுக்கு?” என்றார்.

நியாயத்தை விட்டுத் தள்ளினால் அந்த அம்மாள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. மாமா படியிறங்கி வந்தார். அவருக்கு வந்தது வருத்தமில்லை, நிம்மதி. நான் போய்ச் சொல்லிவிட்டேன், அவர்கள்தான் வேண்டாம் என்கிறார்கள், இனி என் பொறுப்பில்லை. பஸ் நிறுத்தம்வரை அந்த நிம்மதியோடுதான் நடந்தார். அங்கே நின்றபோதுதான், எவ்வளவு சுருக்காக இந்த நிம்மதி வந்துவிட்டது என்று தோன்றியது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக் கடைக்கு நடந்த அன்றைக்கும் இப்படித்தான் மனசு லேசாக இருந்தது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மேட்ரன் வந்த நாளில் மாமாவுக்கு வேலை இல்லை. இருந்தும் போனார். கூட்ட அறையில் முதல்வர், மேடம், மேட்ரன் எல்லாரும் பிஸ்கட்டும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா கதவருகே நின்று கும்பிட்டார். மேட்ரன் அவரை அடையாளம் கண்டு, “வாங்க, வாங்க! எங்க ஆஸ்பத்திரிக்கே உங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்க்கிறேன்” என்று சிரித்தார். ஒருங்கிணைப்பாளர் மேடம் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கு நான் அழுதது தாள்ல இல்லைங்க” என்றார் மாமா. “நீங்க பரவாயில்லைன்னு சொன்னீங்க. எனக்கு அது பத்தல. உங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும்னு நானா சேர்த்துக்கிட்டேன். மத்த பிள்ளைங்களுக்கு நான் அழல. அந்தக் கடைசிப் பொண்ணுக்கு மட்டும்தான் அழுதேன். அட்டையைத் தூக்கியிருக்கணும். தூக்கல.”

முதல்வர் மேடத்தைப் பார்த்தார், மேடம் மேஜையைப் பார்த்தார். மாமா கூனிக் குறுகி நின்றுகொண்டிருந்தார். மேட்ரனின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. பொதுவாக மனிதர்கள் திட்டினால்தான் மாமாவுக்குப் பழக்கம். அந்த அம்மாள் திட்டவில்லை.

“இதைச் சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, “அந்தப் பொண்ணுக்கு மறுபடி வைப்போம். தேர்ந்தெடுத்த ரெண்டு பேரும் அப்படியே இருக்கட்டும், இவ தேறினா மூணாவது இடம் நான் கேட்டு வாங்கறேன். நோயாளி வேற ஆள் படுக்கட்டும்” என்றார். மாமாவிடம், “நீங்க என்னோட கண்ணாடிக்குப் பின்னாடி உக்காரணும். மத்தவங்களுக்கு எப்படி நடிச்சீங்களோ அதே மாதிரிதான் இவளுக்கும் நடிக்கிறாங்கன்னு நீங்கதான் சொல்லணும். அதுக்கப்புறம் நீங்க வர வேண்டாம்” என்று முடித்தார்.

ஒப்பந்தம் போகவில்லை. மேடம் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. வேலை போனது மாமாவுக்கு மட்டும்தான், அதற்கு அவர் வருத்தப்படவுமில்லை.

செய்தி தெரிந்ததும் எக்ஸ்பிரஸ் அவரைக் கல்லூரி வாசலில் பிடித்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு அழுதது நிஜமா, நடிப்பா?”

அவள் கண்ணில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அழுகை நடிப்பு. ஆனால் அந்த வார்த்தைகள் நிஜமானவை. ஒருத்தி நிஜமாகவே அப்படிக் கேட்டாள், கேட்கப்பட்டவன் எழுந்து போய்விட்டான். நீ உட்கார்ந்தாய். நான் செய்யாததை நீ செய்தாய், அதற்குத்தான் உன் மதிப்பெண் போயிற்று. இத்தனையும் தொண்டைவரை வந்து நின்றது. சொன்னால் அந்தப் பெண் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தார். சாகக் கிடந்தவளிடம் உட்காராத மனிதர் என்று தெரிந்த பிறகு, மாமா என்று கூப்பிட அவளுக்கு வாய் வருமா?

“நடிப்புதாம்மா” என்றார்.

எக்ஸ்பிரஸ் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “அட, நல்லா ஏமாந்தேன் போங்க! நான் வேற கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன், லூசு மாதிரி.” சிரிப்பு அடங்கியதும், “விடுங்க மாமா. நீங்க போய்ச் சொல்லலைன்னா எனக்கு இந்தச் சான்ஸே இல்ல” என்று அவரையே தேற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுதேர்வு நாளில் மூன்றாவது கட்டிலில் டைப்பிஸ்ட் அம்மா படுத்திருந்தார். தூக்கம் வரக் கூடாதென்று காலையிலிருந்து மூன்று காபி குடித்திருந்தார். மாமா கண்ணாடிக்குப் பின்னால், மேட்ரனுக்குப் பக்கத்தில், சாதாரணச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் படுத்துக் கிடந்த கட்டிலை இந்தப் பக்கமிருந்து அவர் பார்த்ததே இல்லை. அங்கே படுத்திருப்பவரின் முகம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக நடித்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. உடனே வெட்கிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

எக்ஸ்பிரஸ் வந்தாள். பெயர் கேட்டாள், வலி கேட்டாள். மாத்திரையைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்டாள், ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை வெளியே கொண்டுவந்தாள், எப்போது கடைசியாகப் போட்டது என்றும் கேட்டாள். மேட்ரன் பெரிதாக ஒரு குறி போட்டார்.

டைப்பிஸ்ட் அம்மா தாளில் இருந்தபடி, “கொஞ்சம் பயமாத்தான் இருக்கு” என்றார். நன்றாகவே சொன்னார். காபி காரணமோ என்னவோ, சொல்லும்போது விரல்கள் போர்வையின் மேல் லேசாக நடுங்கின.

“பயப்படாதீங்கம்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்றாள் எக்ஸ்பிரஸ். குனிந்த தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டே சொன்னாள், சொல்லிக்கொண்டே தாளைப் புரட்டினாள். “அலர்ஜி ஏதாவது இருக்கா?”

மேட்ரன் ஆறுதலுக்கான மதிப்பெண்ணையும் போட்டார். முக்காலி கட்டிலுக்கடியில் தள்ளியபடியே கிடந்தது. மணி அடிக்க நேரம் இருக்கும்போதே அவள் எல்லாக் கேள்வியையும் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒரு குறையும் சொல்ல முடியாது” என்று மேட்ரன் பேனாவை மூடினார். “மத்தவங்களுக்கும் இதே மாதிரிதானே நடிச்சீங்க?”

“ஆமாங்க” என்றார் மாமா. “இதே மாதிரிதான்.”

இடம் கிடைத்துவிட்டது. வெளியே தோழிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ஒருத்தி அவள் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மாமா சுவரோரமாக நழுவிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தார். எக்ஸ்பிரஸ் அவரைக் கண்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“பார்த்தீங்களா மாமா? நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூட வீணாக்கல!”

“பார்த்தேம்மா” என்றார் அவர்.

இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவசரமில்லை, அன்று அவளுக்கு நேரம் இருந்தது. மாமாவால் முடியவில்லை. “நல்லா இரும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்.